படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடு

அக்கா தங்கை இருவர்

அவர்கள் இருவரும் உடன்பிறந்தவர்கள். அக்கா வாழ்க்கைப்பட்டது பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். தென்னந்தோப்பில் கூலி வேலை. தங்கை வாழ்க்கைப்பட்டது இடுக்கி மாவட்டம் மூணாறுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில். கொழுந்து பறிக்கும் வேலை. லயத்து வீடு.

இருவரும் தமிழ் பேசுபவர்கள். கேரளத்தில் வாழ்பவர்கள். மூணாறில் பஸ் ஏறினால் மறையூர், சின்னாறு, உடுமலை, பொள்ளாச்சி வழியாக அக்கா வீட்டுக்குப் போய்ச் சேரலாம். திருவிழாவுக்கும் பிரசவத்துக்கும் போய் வருவார்கள்.

இருவரும் எழுத்தறிவு வகுப்பில் படித்தவர்கள். முதலில் பெயர் எழுதினார்கள். பிறகு பஸ்ஸின் பலகை படித்தார்கள். பிறகு சம்பளச் சீட்டைப் படித்தார்கள்.

இது ஒரு கற்பனைக் குடும்பம். ஆனால் இவர்களுக்கு வந்த தொல்லை யாருக்கும் வரலாம்.

அக்காவின் பையன்

அக்காவின் பையனுக்கு ஒன்றரை வயது. அந்த வயதில் போட வேண்டிய தடுப்பூசி பாக்கி இருந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அது இலவசம். ஆனால் அன்று போனால் கூலி போய்விடும். அதனால் மாலையில் திறக்கும் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனாள். பணம் கட்டினாள். ரசீது தந்தார்கள். அதை மடித்துத் தடுப்பூசி அட்டைக்குள் வைத்தாள்.

நான்காம் நாள் பையனின் தொடை வீங்கியது. தொட்டால் அலறினான். காய்ச்சல் கொதித்தது. ஊசி போட்ட இடத்தில் சீழ் கட்டியிருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் கீறி சீழ் எடுத்தார்கள். ஒன்பது நாள் அங்கேயே இருந்தான்.

ஆஷா அக்கா பார்க்க வந்தாள். "எந்தத் தேதியில் ஊசி போட்டீங்க?" என்று கேட்டாள். அட்டையைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"அதே நாள், அதே கிளினிக்கில் ஊசி போட்ட இன்னும் ரெண்டு பிள்ளைங்களுக்கும் தொடையில் கட்டி வந்திருக்கு. இதை இப்பவே மேலே சொல்லணும்" என்றாள்.

தங்கையின் பெண்

அதே மாதம் தங்கையின் பெண் குழந்தைக்கு ஒன்பது மாதம் முடிந்தது. தட்டம்மை, ரூபெல்லா நோய்களுக்கான ஊசி போட வேண்டிய வயது. அரசு சுகாதார நிலையத்தில் சிஸ்டர் ஊசி போட்டார். அரை மணி நேரம் உட்கார வைத்துப் பார்த்து அனுப்பினார்.

மூன்றாம் நாள் இரவு குழந்தைக்குக் காய்ச்சல் ஏறியது. விடியற்காலையில் கை கால் வெட்டி இழுத்தது. ஜீப் பிடித்து மலை இறங்கினார்கள். அடிமாலி ஆஸ்பத்திரியில் முதலுதவி தந்தார்கள். அங்கிருந்து கோட்டயம் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினார்கள்.

குழந்தை பிழைத்தது. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு ஒரு மாற்றம். முன்பெல்லாம் பெயர் சொன்னால் திரும்பிப் பார்க்கும். இப்போது தட்டு கீழே விழுந்தாலும் திரும்பவில்லை. காது கேட்கவில்லை.

"ஊசிதான் பிள்ளையைக் கெடுத்தது" என்றது லயம் முழுவதும். தங்கைக்கும் அப்படித்தான் தோன்றியது.

இரண்டு வெள்ளைத் தாள்கள்

ஒரு நாள் தங்கையின் வீட்டுக்கு ஒருவர் வந்தார். ஊர் ஊராகப் போய்க் கேஸ் பிடிக்கும் தரகர்.

"கவர்மென்ட்டு மேலே கேஸ் போடலாம். பத்து லட்சம் வாங்கித் தர்றேன். பாதி உனக்கு, பாதி எனக்கு. இந்த முத்திரைத் தாளில் ஒரு கையெழுத்துப் போடும்மா" என்றார்.

தாளில் ஒரு வரியும் இல்லை.

"இதில் ஒண்ணும் எழுதலையே அண்ணே?"

"எழுதுவதை நான் பார்த்துக்குவேன். நீ போடு."

தங்கை பேனாவைக் கீழே வைத்தாள். "எழுதிக் கொண்டு வாங்க அண்ணே. படிச்சுப் பார்த்துட்டுப் போடறேன்" என்றாள்.

அதே வாரம் அக்காவின் வீட்டுக்கும் ஒருவர் வந்தார். அவர் கிளினிக்கின் ஆள். கையில் 15,000 ரூபாய் இருந்தது. அவரிடமும் ஒரு வெள்ளைத் தாள்.

"பணத்தை வச்சுக்கோங்க. கீழே ஒரு கையெழுத்து மட்டும். வேற தொந்தரவு வேண்டாம்" என்றார்.

கையில் பணம் இல்லாத நேரம். ஆஸ்பத்திரிக்கு வாங்கிய கடன் கழுத்தை நெரித்தது. ஆனாலும் அக்கா கேட்டாள். "இது எதுக்கான பணம்? எழுதித் தருவீங்களா?"

வந்தவர் எழுந்து போய்விட்டார்.

அன்று இரவு அக்காவும் தங்கையும் போனில் பேசிக்கொண்டார்கள்.

"ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரித் தாளு வந்திருக்கு அக்கா."

"ஆமாடி. ஒண்ணு பணம் தர்றேன்னு வந்தது. இன்னொண்ணு வாயை மூடுன்னு வந்தது."

பின்னால் வந்ததா, அதனால் வந்ததா?

காக்கை உட்கார்ந்தது, பனம்பழம் விழுந்தது என்று சொல்வார்கள். காக்கை உட்கார்ந்ததால் பழம் விழுந்ததா? பழம் தானாகவே விழும் நேரத்தில் காக்கை வந்து உட்கார்ந்ததா? பார்த்தால் மட்டும் தெரியாது. விசாரித்தால்தான் தெரியும்.

தடுப்பூசிக்கும் இது பொருந்தும். ஊசிக்குப் பின்னால் ஒரு நோய் வருகிறது. அது பல வழிகளில் வந்திருக்கலாம்.

ஒன்று: மருந்தின் இயல்பால் வரலாம். லேசான காய்ச்சல், வலி, வீக்கம் பலருக்கு வரும். இரண்டொரு நாளில் போய்விடும். கடுமையான ஒவ்வாமை மிகவும் அரிது. அது பெரும்பாலும் ஊசி போட்ட சிறிது நேரத்திலேயே தெரியும். அரை மணி நேரம் உட்கார வைப்பது அதற்காகத்தான்.

இரண்டு: மருந்து தயாரித்ததில் குறை இருந்திருக்கலாம்.

மூன்று: போட்ட முறையில் தவறு நடந்திருக்கலாம். சுத்தமில்லாத ஊசி, சரியாகக் குளிரில் வைக்காத மருந்து, மருந்து மாறிப் போவது ஆகியவை இந்த வகை. 2021 ஜனவரி 31 அன்று மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில் 12 குழந்தைகளுக்குப் போலியோ சொட்டு மருந்துக்குப் பதிலாகக் கை கழுவும் சானிடைசரைக் கொடுத்துவிட்டார்கள். குழந்தைகள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டுத் தேறினார்கள். அது போலியோ மருந்தின் குற்றம் அல்ல. கொடுத்தவர்களின் தவறு.

நான்கு: ஊசியைப் பற்றிய பயத்தாலேயே மயக்கம் வரலாம்.

ஐந்து: தற்செயலாக வரலாம். உடம்பில் முன்பே புகுந்த வேறு நோய், ஊசி போட்ட பிறகு வெளியே தெரியலாம்.

இதில் எது என்று தெரியாமல் நஷ்ட ஈடு கேட்க முடியாது. கேட்டாலும் நிற்காது.

விசாரணை எப்படி நடக்கும்?

தடுப்பூசிக்குப் பின் கடுமையான பாதிப்பு வந்தால் உடனே சொல்ல வேண்டும். ஆஷா ஊழியர், சிஸ்டர், சுகாதார நிலைய டாக்டர் ஆகியோரில் யாரிடமும் சொல்லலாம். ஊசி போட்டது தனியார் கிளினிக்காக இருந்தாலும் சொல்ல வேண்டும். செய்தி மாவட்டத் தடுப்பூசி அதிகாரிக்குப் போகும்.

அதிகாரிகள் வந்து பார்ப்பார்கள். எந்த மருந்து, எந்தத் தொகுதி எண், எப்போது திறந்த குப்பி, யார் போட்டது, அதே குப்பியில் வேறு யாருக்குப் போட்டது என்று கேட்பார்கள். ஆஸ்பத்திரித் தாள்களைப் பார்ப்பார்கள். பிறகு மாநிலத்தில் உள்ள நிபுணர் குழு காரணத்தை ஆராயும். தேசிய அளவிலும் இப்படி ஒரு குழு உண்டு.

2022 மே 2 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புத் தந்தது. டாக்டர் ஜேக்கப் புலியேல் தொடுத்த வழக்கு அது. கோவிட் தடுப்பூசி பற்றியது. யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது என்று அதில் நீதிமன்றம் சொன்னது. அரசின் தடுப்பூசிக் கொள்கை தவறானது அல்ல என்றும் சொன்னது. பாதிப்புகளைப் பொதுமக்களும் தனியார் டாக்டர்களும் தெரிவிக்க வழி செய்ய வேண்டும் என்றும் சொன்னது.

அக்காவின் ஊரில் விசாரணை நடந்தது. ஒரே நாள், ஒரே குப்பி, மூன்று குழந்தைகள், ஒரே மாதிரிக் கட்டி. வேறு இடங்களில் அதே தொகுதி மருந்து போட்ட குழந்தைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகவே மருந்தில் குறை இல்லை. கிளினிக்கில் ஊசி போட்ட முறையில்தான் தவறு என்று தெரிந்தது.

தங்கையின் ஊரிலும் விசாரணை நடந்தது. அதே குப்பியில் ஊசி போட்ட மற்றக் குழந்தைகள் நலமாக இருந்தார்கள். கோட்டயத்தில் குழந்தையின் முதுகுத் தண்டு நீரைச் சோதித்திருந்தார்கள். மூளையைச் சுற்றியுள்ள உறையில் கிருமி இருந்தது. ஊசிக்கு ஒரு வாரம் முன்பே குழந்தையின் காதில் சீழ் வடிந்தது. அந்தக் கிருமிதான் உள்ளே போயிருக்கிறது. வலிப்புக்கும் காது கேளாமைக்கும் அதுவே காரணம்.

சிஸ்டர் இதைச் சொன்னபோது தங்கை அழுதாள்.

"காதில் சீழ் வடிஞ்சப்போ எண்ணெய் காய்ச்சி ஊத்தினேன் சிஸ்டர். சரியாப் போயிடும்னு நினைச்சேன்."

"உன் மேலே குத்தம் இல்லைம்மா. இந்த லயத்தில் எல்லாரும் அதைத்தான் செய்யறாங்க. இனிமே காதில் சீழ் வந்தால் உடனே காட்டணும்னு எல்லார்கிட்டயும் சொல்லுவோம்."

எங்கே கேட்பது?

பணம் கட்டிச் சிகிச்சை பெற்றவர் நுகர்வோர் ஆவார். சேவையில் குறை இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் தர வேண்டும்.

எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு ஆஸ்பத்திரி இந்தச் சட்டத்துக்குள் வராது. உச்ச நீதிமன்றம் 1995-ல் இப்படித் தீர்ப்புச் சொன்னது. அங்கே தவறு நடந்தால் சிவில் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். அரசின் மேல் வழக்குப் போடும் முன், பொதுவாக இரண்டு மாத நோட்டீஸ் தர வேண்டும். உரிமை மீறல் தெளிவாகத் தெரிந்தால் உயர் நீதிமன்றத்துக்கும் போகலாம்.

வழக்குக்குக் கால வரம்பு உண்டு. ஒவ்வொரு வகை வழக்குக்கும் ஒவ்வொரு வரம்பு. ஆகவே தள்ளிப் போடாமல் வக்கீலைக் கேட்க வேண்டும்.

வக்கீலுக்குப் பணம்? 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் அதற்கு வழி சொல்கிறது. பெண்கள், குழந்தைகள், ஆதிவாசி மற்றும் தாழ்த்தப்பட்ட மக்கள், ஊனமுற்றோர், ஆலைத் தொழிலாளர் ஆகியோருக்கு வக்கீல் உதவி இலவசம். இவர்களுக்கு வருமான வரம்பு பார்ப்பதில்லை. தாலுகா சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுக்கலாம். 15100 என்ற எண்ணில் போன் செய்தும் கேட்கலாம்.

மனுவைத் தமிழில் எழுதலாமா? எழுதலாம். 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இந்த உரிமையைத் தருகிறது. மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவித்த இடங்களில், அங்குள்ள மாநில அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதலாம். பதிலும் தமிழில் வர வேண்டும்.

அக்காவின் ராஜி

அக்கா சட்டப் பணிகள் குழுவுக்குப் போனாள். ஒரு பெண் வக்கீலை அமர்த்திக் கொடுத்தார்கள். வக்கீலம்மா தமிழ் தெரிந்தவர்.

"முதலில் உங்க கையில் என்னென்ன தாள் இருக்கு? காட்டுங்க" என்றார்.

தடுப்பூசி அட்டை இருந்தது. கிளினிக் ரசீது இருந்தது. ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் சீட்டு இருந்தது. மருந்துக் கடைப் பில்கள் இருந்தன. எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில் நனையாமல் இருந்தன.

"பாதிக் கேஸ் இந்தப் பையிலேயே இருக்கு" என்றார் வக்கீலம்மா.

இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள்.

ஆஸ்பத்திரிச் செலவு 31,400 ரூபாய்.
மருந்து 6,600 ரூபாய்.
பஸ், ஆட்டோ 3,000 ரூபாய்.
24 நாள் கூலி, நாளுக்கு 500 வீதம் 12,000 ரூபாய்.
ஆக மொத்தம் 53,000 ரூபாய்.

"பையன் பட்ட வலிக்கும், காலில் உள்ள தழும்புக்கும் தனியாகக் கேட்கணும்" என்றார் வக்கீலம்மா. அதற்கு 57,000 ரூபாய் என்று எழுதினார். மொத்தம் 1,10,000 ரூபாய்.

கிளினிக்குக்கு நோட்டீஸ் போனது. விசாரணை முடிவு வெளியான பிறகு அவர்கள் பேச வந்தார்கள். விஷயம் லோக் அதாலத்துக்கு வந்தது. லோக் அதாலத் என்றால் மக்கள் நீதிமன்றம். இரு தரப்பும் உட்கார்ந்து பேசி ஒத்துப்போகும் இடம். வழக்குப் போடும் முன்பே அங்கே போகலாம். கட்டணம் இல்லை.

கிளினிக் 40,000 தருவதாகச் சொன்னது. வக்கீலம்மா கணக்கைக் காட்டினார். 60,000 என்றார்கள். டிஸ்சார்ஜ் சீட்டைக் காட்டினார். கடைசியில் 90,000 ரூபாய்க்கு ஒத்துக்கொண்டார்கள்.

வக்கீலம்மா அக்காவைத் தனியே அழைத்தார்.

"கேட்டதை விட 20,000 குறைவு. வேண்டாம்னா ஆணையத்துக்குப் போகலாம். அங்கே இன்னும் கூடக் கிடைக்கலாம். குறையவும் செய்யலாம். நாளாகும். ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. லோக் அதாலத் தீர்ப்புக்கு மேலே அப்பீல் கிடையாது. கையெழுத்துப் போட்டால் போட்டதுதான். முடிவு உங்களுது."

அக்கா கணவனிடம் பேசினாள். கடனை நினைத்தாள். பையனின் காலை நினைத்தாள். சம்மதித்தாள்.

தாளை எழுதிக் கொண்டு வந்தார்கள். மலையாளத்தில் இருந்தது.

"எனக்குத் தமிழில் படிச்சுச் சொல்லுங்க" என்றாள் அக்கா.

வக்கீலம்மா வரி வரியாகப் படித்துச் சொன்னார். 90,000 ரூபாய். முப்பது நாளுக்குள் தர வேண்டும். பாங்க் கணக்கில் போட வேண்டும். அதில் 40,000 ரூபாய் பையன் பெயரில் பாங்கில் இருக்கும். அவனுக்குப் பதினெட்டு வயதானதும் எடுத்துக்கொள்ளலாம்.

எண்களை அக்கா தானே விரல் வைத்துப் படித்தாள். ஒன்று, ஒன்று என்று கூட்டிப் பார்த்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள். ஒரு நகலைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

லோக் அதாலத் தீர்ப்பு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். எதிர்த் தரப்பு பணம் தராவிட்டால் நீதிமன்றம் மூலம் வசூலிக்கலாம்.

நீதிமன்றத்தில் நடக்கும் வழக்கில் இன்னொரு காப்பும் உண்டு. சிறு குழந்தைக்காக வழக்கு நடத்துபவர் தாமாகவே ராஜி செய்ய முடியாது. நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். அந்த ராஜி குழந்தைக்கு நல்லதா என்று நீதிபதி பார்ப்பார்.

தங்கைக்குக் கிடைத்தது என்ன?

தங்கையும் தன் ஊரில் சட்ட உதவி கேட்டாள். அங்குள்ள வக்கீல் எல்லாத் தாளையும் பார்த்தார். உண்மையை மறைக்காமல் சொன்னார்.

"ஊசியால் வந்ததுன்னு காட்ட ஒரு ஆதாரமும் இல்லை. வேற காரணம் தெளிவா எழுதியிருக்கு. பத்து லட்சம்னு சொன்னவர் உங்களை ஏமாத்தறார். விசாரணை முடிவில் சந்தேகம் இருந்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் தாள்களைக் கேட்கலாம். வேற டாக்டரிடம் காட்டலாம். அதுக்கு உங்களுக்கு உரிமை உண்டு."

"அப்போ என் பிள்ளைக்கு யாருமே பதில் சொல்ல மாட்டாங்களா சார்?"

வக்கீல் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்.

"நஷ்ட ஈடு வேற, உதவி வேற. தப்புச் செஞ்சவர் தருவது நஷ்ட ஈடு. தப்பு யாருடையதா இருந்தாலும், இல்லாவிட்டாலும், ஊனமுற்ற குழந்தைக்கு அரசு தருவது உதவி. அதைக் கேளுங்க. அதுவும் சீக்கிரம் கேளுங்க."

சீக்கிரம் என்று அவர் சொன்னதற்குக் காரணம் உண்டு. குழந்தை பேச்சைக் கற்பது காதால். சின்ன வயதில் கேட்க வைத்தால் பேச்சு வரும். ஆண்டுகள் போனால் பேச்சு வருவது கடினம். தரகரின் பின்னால் அலைந்திருந்தால் அந்த ஆண்டுகள் வீணாகியிருக்கும்.

மருத்துவக் கல்லூரியில் காதைச் சோதித்தார்கள். காது கேட்கும் கருவி பொருத்தினார்கள். ஊனச் சான்றிதழுக்கு மனுப் போட்டார்கள். கருவி போதாவிட்டால், உட்காதில் கருவி வைக்கும் அறுவைச் சிகிச்சை உண்டு. கேரளத்தில் குழந்தைகளுக்கு அதற்கு உதவும் அரசுத் திட்டத்தின் பெயர் சுருதிதரங்கம். அந்தத் திட்டத்திலும் பெயர் எழுதினார்கள்.

ஒரு நாள் தங்கை கதவுக்குப் பின்னால் நின்று கை தட்டினாள். குழந்தை திரும்பியது.

குழந்தைக்கு அடுத்த ஊசியின் நாளும் வந்தது. தங்கை டாக்டரைக் கேட்டாள். "போடலாம்" என்றார் டாக்டர். போட்டாள்.

அக்காவும் பையனுக்கு அடுத்த ஊசியைப் போட்டாள். இந்த முறை ஆரம்ப சுகாதார நிலையத்தில். சிஸ்டர் புது உறையைக் கண் முன்னே பிரித்து ஊசியை எடுப்பதைப் பார்த்துக்கொண்டாள்.

ஏன் நிறுத்தவில்லை? பெரியம்மை இன்று உலகில் இல்லை. 1980-ல் அது ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. தடுப்பூசியால் வந்த பயன் அது. 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் காட்டுப் போலியோ நோய் யாருக்கும் வரவில்லை. 2014-ல் இந்தியா போலியோ இல்லாத நாடு என்ற சான்று பெற்றது. ஆனால் ஊசி போடாத குழந்தைகள் கூடினால் நோய் திரும்பி வரும். பாலக்காட்டுக்கு அடுத்த மலப்புரம் மாவட்டத்தில் 2016-ல் தொண்டை அடைப்பான் நோய் அப்படித்தான் பரவியது.

நீதிமன்றம் போன குடும்பங்கள்

அக்காவின் கதையில் தவறு செய்தவர் இருந்தார். தங்கையின் கதையில் ஊசிக்குத் தொடர்பே இல்லை. மூன்றாவது ஒரு நிலையும் உண்டு. ஊசியால்தான் பாதிப்பு. ஆனால் யாரும் தவறு செய்யவில்லை. அப்போது யார் பொறுப்பு?

இந்தக் கேள்வி உண்மையாகவே நீதிமன்றத்துக்கு வந்தது. 2021 ஜனவரி 16 அன்று இந்தியாவில் கோவிட் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். கோடிக்கணக்கான மக்கள் போட்டுக்கொண்டார்கள். மிகச் சிலருக்குக் கடுமையான பாதிப்பு வந்தது.

கேரளத்தைச் சேர்ந்த ஒரு பெண் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். தம் கணவர் கோவிட் தடுப்பூசியின் பின்விளைவால் இறந்தார் என்று அவர் சொன்னார். கோவிட் நோயால் இறந்தவர் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் உதவி அறிவித்திருந்தார்கள். ஊசியால் இறந்தவர் குடும்பத்துக்கு ஒன்றும் இல்லையே என்பது வழக்கு. அப்படி ஒரு திட்டம் இல்லை என்று மத்திய அரசு சொன்னது.

2022 செப்டம்பரில் நீதிபதி வி.ஜி. அருண் ஓர் உத்தரவு போட்டார். ஊசியால் இறந்தவர்களைக் கண்டறியவும், அவர்களைச் சார்ந்தவர்களுக்கு நஷ்ட ஈடு தரவும் மூன்று மாதத்துக்குள் விதிமுறை வகுக்க வேண்டும் என்றார். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கு அந்த உத்தரவு. மத்திய அரசு உச்ச நீதிமன்றம் போனது. உச்ச நீதிமன்றம் உத்தரவை நிறுத்தி வைத்தது.

இளம் பெண்களை இழந்த இரண்டு குடும்பங்களும் 2021-ல் உச்ச நீதிமன்றம் போயிருந்தன. அந்த வழக்கில் 2022 நவம்பரில் மத்திய அரசு பதில் தந்தது. ஊசி போடுவது கட்டாயம் இல்லை, மருந்தைத் தயாரித்தது வேறு நிறுவனம், ஆகவே மிக அரிதான மரணங்களுக்கு அரசு பொறுப்பல்ல என்றது. பாதிக்கப்பட்டவர் சிவில் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம் என்றது.

சிவில் நீதிமன்றத்தில் தவறைக் காட்ட வேண்டும். யாரும் தவறு செய்யாத இடத்தில் எதைக் காட்டுவது? அந்தக் குடும்பங்களின் வேதனை இதுதான். ஊர் முழுவதும் நலமாக இருக்க எல்லோரும் ஊசி போடுகிறார்கள். அதில் ஒருவருக்குக் கேடு வந்தால் ஊர்தானே தாங்க வேண்டும் என்று அவர்கள் கேட்கிறார்கள்.

சில நாடுகள் இதற்கு வழி செய்திருக்கின்றன. பிரிட்டனில் 1979-ல் ஒரு சட்டம் வந்தது. தடுப்பூசியால் கடுமையாக ஊனமுற்றவருக்கு அரசு ஒரு தொகை தரும். 2007 முதல் அது 1,20,000 பவுன். அமெரிக்காவில் 1986-ல் சட்டம் வந்தது. ஒவ்வொரு ஊசி மருந்தின் மேலும் சிறு வரி போடுகிறார்கள். ஒரு நோய்க்கு 75 சென்ட் வீதம். அந்தப் பணத்தை ஒரு நிதியில் சேர்க்கிறார்கள். பாதிக்கப்பட்டவருக்கு அதிலிருந்து தருகிறார்கள். அங்கே யார் தவறு செய்தார் என்று காட்ட வேண்டியதில்லை. ஊசியால் வந்த பாதிப்பு என்று தெரிந்தால் போதும்.

ஆனால் எந்த நாட்டிலும் ஒரு கேள்வி மாறாது. பின்னால் வந்ததா, அதனால் வந்ததா? அதற்கு விடை தாள்களில்தான் இருக்கும்.

நினைவில் வைக்க

1. தடுப்பூசி அட்டையைப் பத்திரமாக வைக்க வேண்டும். எந்த ஊசி, எந்தத் தேதி என்பது அதில் இருக்கும்.

2. ஊசிக்குப் பிறகு அரை மணி நேரம் அங்கேயே இருக்க வேண்டும்.

3. கடுமையான பாதிப்பு வந்தால் முதலில் சிகிச்சை. உடனே சிஸ்டருக்கோ ஆஷா ஊழியருக்கோ தகவல்.

4. ரசீது, மருந்துச் சீட்டு, டிஸ்சார்ஜ் சீட்டு எதையும் எறியக் கூடாது.

5. வெற்றுத் தாளில் கையெழுத்தோ ரேகையோ வைக்கக் கூடாது.

6. ராஜித் தாளில் எவ்வளவு பணம், எந்தத் தேதிக்குள், எப்படி என்று எழுதியிருக்க வேண்டும். தெரிந்த மொழியில் படிக்கக் கேட்க வேண்டும். நகல் வாங்க வேண்டும்.

பயிற்சி

அ. விடை சொல்லுங்கள்.

1. தங்கை ஏன் முத்திரைத் தாளில் கையெழுத்துப் போடவில்லை?
2. ஊசி போட்ட முறையில் தவறு என்று அக்காவின் ஊரில் எப்படித் தெரிந்தது?
3. நஷ்ட ஈடும் உதவியும் எப்படி வேறுபடுகின்றன?
4. அக்கா 90,000 ரூபாய்க்குச் சம்மதித்தது சரியா? உங்கள் வகுப்பில் பேசுங்கள்.

ஆ. கணக்குப் போடுங்கள்.

அக்காவுக்குக் கிடைத்தது 90,000 ரூபாய். அதில் பையன் பெயரில் 40,000 ரூபாய். மீதி எவ்வளவு? அவள் செய்த செலவு 53,000 ரூபாய். எவ்வளவு குறைகிறது?

இ. சொற்களின் பொருள்.

ராஜி – இரு தரப்பும் பேசி ஒத்துக்கொள்வது.
நகல் – ஒரு தாளைப் போலவே உள்ள இன்னொரு தாள்.
அப்பீல் – தீர்ப்பை எதிர்த்து மேல் நீதிமன்றத்தில் கேட்பது.
தொகுதி எண் – ஒரே தடவையில் தயாரித்த மருந்துகளுக்குத் தரும் எண்.

ஈ. எழுதிப் பாருங்கள்.

கீழே உள்ள மனுவை உங்கள் ஊர்ப் பெயரும் தேதியும் சேர்த்து நோட்டில் எழுதுங்கள்.

"மருத்துவ அதிகாரி அவர்களுக்கு. என் குழந்தைக்கு ........ தேதியில் ........ என்ற இடத்தில் தடுப்பூசி போட்டோம். ........ தேதியில் ........ என்ற பாதிப்பு வந்தது. ........ ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இதன் காரணத்தை விசாரித்து, முடிவைத் தமிழில் எனக்கு எழுத்தில் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்."

எழுதி முடித்ததும் ஒரு தடவை உரக்கப் படியுங்கள். பிறகு கீழே உங்கள் கையெழுத்தைப் போடுங்கள்.